கிணற்று நீர், செம்மண், கள்ளு முட்டி: எந்த மாதிரிக்கு எந்த டிஎன்ஏ வரிசைப்படுத்தல்?

யாழ்ப்பாணத்தில் நுண்ணங்கிகளின் மரபணு ஆய்வு தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் எடுத்த எடுப்பில் கேட்பது, "இலுமினாவா, நனோபோரா?" என்றுதான். இரண்டும் டிஎன்ஏயை வாசிக்கும் கருவி வகைகள்: முன்னது குறுந்துண்டுகளாக வாசிக்கும், பின்னது நீண்ட துண்டுகளாக. அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. மாதிரியைப் பற்றி என்ன தெரியவேண்டும் என்பது முதற்கேள்வி. அந்த மாதிரியிலிருந்து எப்படிப்பட்ட டிஎன்ஏ கையில் கிடைக்கும் என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் விடை எழுதிவிட்டால் கருவி பெரும்பாலும் தானாக முடிவாகிவிடும். எழுதாமல் விலை விசாரித்தால், விற்பவரிடம் இருப்பதே உங்கள் ஆய்வுமுறை ஆகிவிடும்.

இங்கே நான்கு மாதிரிகளை முன்வைத்து ஒப்பிடுகிறோம்: சுன்னாகம், மல்லாகம் பக்கத்துக் கிணற்று நீர், உரும்பிராய், கோப்பாய்ச் செம்மண் தோட்டங்களில் வெங்காயம், மிளகாய் ஆகியவற்றின் வேரடி மண், பனங்கள்ளு, வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் தட்டில் வளர்த்தெடுத்த தனிப் பற்றீரியா. நான்குக்கும் ஒரே விடை கிடையாது.

யார் யார் இருக்கிறார்கள்?

ஒரு கிணற்றில் என்னென்ன பற்றீரியாக்கள் இருக்கின்றன, மாரிக்கும் கோடைக்கும் அவை எப்படி மாறுகின்றன என்பதே கேள்வியென்றால் 16எஸ் முறை போதும். எல்லாப் பற்றீரியாவிலும், அவற்றைப் போன்ற தனி நுண்ணங்கி வகையான ஆர்க்கியாவிலும் உள்ள 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணு ஏறத்தாழ 1,500 எழுத்து (ஏ, சி, ஜி, டி என்னும் டிஎன்ஏ எழுத்துகள்) நீளமானது. அதில் இனத்துக்கினம் மாறும் பகுதிகள் ஒன்பது, வி1 முதல் வி9 வரை. அவற்றில் ஒன்றிரண்டைப் பிசிஆர் (டிஎன்ஏயின் ஒரு பகுதியைப் பல பிரதிகளாக்கும் முறை) மூலம் பெருக்கி, மாதிரிக்கொரு பார்கோட் (அடையாளக் குறுந்தொடர்) இட்டு, நூறு மாதிரிகளையும் ஒன்றாகக் கலந்து ஒரே ஓட்டத்தில் வாசிக்கலாம். இலுமினாவின் மைசெக் கருவிக்கான 2×300 கிட் (துண்டின் இரு முனையிலிருந்தும் 300 எழுத்து வாசிப்பது) ஏறத்தாழ 2.5 கோடி வாசிப்புச் சோடிகள் வரை தரும். துண்டுகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் கருவி தடுமாறாதிருக்க 10 முதல் 20 வீதம் ஃபைஎக்ஸ் என்ற வைரசின் டிஎன்ஏ கலப்பார்கள். அது போனாலும் 96 மாதிரிகளுக்குத் தலைக்கு இரண்டு இலட்சம் மிஞ்சும். கிணற்று நீருக்கு 30,000 முதல் 50,000 வரை இருந்தாலே தாராளம். ஆகவே பணத்தை ஆழத்தில் போடாமல் மாதிரி எண்ணிக்கையில் போடுங்கள். ஒரு தோட்டத்துக்கு ஒரு மண் மாதிரி எடுத்து இரண்டு இலட்சம் வாசிப்பு வாங்குவதைவிட, ஐந்து இடத்தில் ஐந்து மாதிரி எடுத்து 40,000 வீதம் வாங்குவதே இரண்டு தோட்டங்களை ஒப்பிட உதவும்.

இந்த முறையில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு, பகுதிக்கும் வாசிப்பு நீளத்துக்கும் பொருத்தம் பாராமல் கட்டளை கொடுப்பது. வி3–வி4 பகுதிக்கு 341எஃப், 805ஆர் பிரைமர்கள் (பெருக்கும் பகுதியின் இரு எல்லையையும் குறிக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) தரும் துண்டு சுமார் 460 எழுத்து. இரு முனையிலிருந்தும் 300 எழுத்து வாசித்தால் நடுவே 140 எழுத்து ஒன்றன்மேல் ஒன்று படியும். தரம் குறைந்த வாலை வெட்டிய பிறகும் ஒட்டுவதற்கு இடமிருக்கும். அதையே 2×250 இல் ஓட்டினால் படிவது 40 எழுத்துத்தான், அதுவும் தரம் சரிகிற வால் பகுதி. வெட்டினால் ஒட்டாது, வெட்டாவிட்டால் பிழையோடு ஒட்டும். சோடிகளை ஒட்டும் டாடா2 மென்பொருள் குறைந்தது 12 எழுத்துப் பொருத்தம் கேட்கும்; அது கிடைக்காத சோடிகளைக் கழித்துவிடும். பத்தில் எட்டு வாசிப்பு இந்தப் படியில் காணாமற்போனால் டிஎன்ஏயைக் குறைசொல்லுமுன் இந்தக் கணக்கைப் பாருங்கள். 2×150 இல் வி3–வி4 இன் இரு முனைகளும் சந்திக்கவே சந்திக்காது. 2×250 மட்டுமே கிடைக்கும் இடத்தில் வி4 ஐக் கேளுங்கள்: 515எஃப், 806ஆர், பிரைமரோடு சேர்த்து 290 எழுத்து அளவில். இரண்டு வாசிப்பும் ஏறத்தாழ முழுவதும் படிவதால் பிழை நன்றாகக் களையப்படும். இனப்பிரிப்பு வி3–வி4 ஐவிடச் சற்றுக் குறையலாம். நிச்சயமான குறைந்த தகவல், சந்தேகமான கூடிய தகவலைவிட மேல்.

வேரடி மண்ணுக்கும் வேருக்கும் வேறொரு தொல்லை உண்டு. தாவரக் கலத்தின் பச்சையவுருமணியும் இழைமணியும் பற்றீரியாவின் வழிவந்தவை. அவற்றிலும் 16எஸ் உண்டு. வெங்காய வேரைக் கழுவி அரைத்து அனுப்பினால் வாசிப்புகளில் பெரும்பங்கு வெங்காயத்தினுடையதாகவே திரும்பி வரலாம். அவற்றைப் பெருகவிடாமல் தடுக்கும் பிஎன்ஏ அடைப்பான்களைப் பிசிஆர் கலவையில் சேர்க்கச் சொல்லுங்கள். அது இயலாவிட்டால், வேரை உதறிய பின் ஒட்டியிருக்கும் மண்ணை மட்டும் எடுங்கள்.

கள்ளுக்கு 16எஸ் மட்டும் செய்வது பாதி வேலை. நொதித்தலில் முன்நிற்கும் மதுவம், சக்கரோமைசிசு, ஒரு பங்கசு. அதில் 16எஸ் கிடையாது. அறிக்கையில் அது தலைகாட்டாது. பங்கசுகளைப் பிரித்தறிய உதவும் ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ பகுதியைத் தனியே செய்யவேண்டும். இரண்டையும் செய்தாலும் "மதுவம் இத்தனை பங்கு, பற்றீரியா இத்தனை பங்கு" என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அவை இரண்டு வேறு பிசிஆர்கள். 16எஸ்ஸுக்குள்ளேயே விகிதத்தை அப்படியே நம்பக்கூடாது. ஈகோலியில் இந்த மரபணு ஏழு பிரதி, சில பற்றீரியாக்களில் ஒன்றே ஒன்று, சிலவற்றில் 15 வரை. அறிக்கையில் இருமடங்காகத் தெரிவது கிணற்றிலும் இருமடங்கு என்று பொருளல்ல. ஒரே இனம் கோடைக்கும் மாரிக்கும் கூடியதா குறைந்ததா என்று ஒப்பிடுவதே இந்த முறைக்கு ஏற்ற வாக்கியம்.

பத்துப் பன்னிரண்டு தூய வளர்ப்புகளின் பெயர் மட்டும் தெரியவேண்டுமானால் இது எதுவுமே தேவையில்லை. 27எஃப், 1492ஆர் பிரைமரால் பெருக்கி, 1977 இல் வந்த சாங்கர் முறையில் வாசித்தால் போதும்.

என்ன செய்யக்கூடியவை?

யாழ்ப்பாணக் கிணறுகளின் பெரிய கேள்வி நைத்திரேற்று. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாக உரமும் மலசலகூடக் குழியின் கழிவும் விரைவாக இறங்குவதால், குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைப் பல கிணறுகள் தாண்டுகின்றன. அந்த நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கும் நுண்ணங்கிகள் நிலத்தடியில் உள்ளனவா என்று கேட்டால் 16எஸ் நேரடியாகப் பதில் தராது. ஒரே பேரினத்தில் ஒரு வகை அதைச் செய்யும், மற்றது செய்யாது. 16எஸ்ஸிலிருந்து மரபணுக்களை ஊகித்துத் தரும் பைகிரஸ்ட்2 போன்ற மென்பொருள்கள், நன்றாக ஆராயப்பட்ட மனிதக் குடலுக்குப் பரவாயில்லை. சுண்ணக்கல் நிலத்தடி நீருக்கு அந்த ஊகத்தை ஆதாரமாக வைக்க நாங்கள் துணியமாட்டோம்.

இங்கே இரண்டு வழி. நைத்திரேற்றை வாயுவாக்கும் பாதையிலுள்ள நிர்எஸ், நிர்கே, நோஸ்இசட் ஆகிய மூன்று மரபணுக்களின் அளவு மட்டும் போதுமானால், ஒரு மரபணுவின் பிரதிகளை எண்ணும் கியூபிசிஆர் மலிவானது, இங்கேயே செய்யலாம், எண்ணிக்கையும் தரும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தைப் போன்ற ஒன்றில் எண்ணெயைச் சிதைப்பவற்றைத் தேடும்போதும், அல்க்பி மரபணுவுக்குக் கியூபிசிஆர் நல்ல தொடக்கம். எந்த மரபணுவைத் தேடுவது என்றே முன்கூட்டித் தெரியாதபோதுதான் மாதிரியிலுள்ள எல்லா டிஎன்ஏயையும் உடைத்து வாசிக்கும் ஷொட்கன் முறைக்குப் போகவேண்டும்.

ஷொட்கனில் செலவைத் தீர்மானிப்பது மாதிரியின் சிக்கல். செம்மண் மிகச் சிக்கலானது: ஒரு கிராமில் ஆயிரக்கணக்கான இனங்கள். மாதிரிக்கு 1,000 கோடி எழுத்து வாங்கினாலும் பெரும்பாலான இனங்களின் மரபணுத்தொகை (முழு டிஎன்ஏ) முழுமையாகப் பொருந்தாது; துண்டுகளாகவே நிற்கும். சிறிய பட்டமேற்படிப்பு நிதியில் மண்ணுக்கு ஷொட்கன் செய்யவேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

கள்ளுக்கு நிலைமை நேர்மாறு. இனங்கள் சிலவே, டிஎன்ஏ தாராளம், 200 முதல் 300 கோடி எழுத்திலேயே முதன்மையானவற்றின் மரபணுத்தொகை ஏறத்தாழ முழுமையாக வந்துவிடும். மதுவமும் பற்றீரியாவும் ஒரே வாசிப்பில் வரும். கணக்கு ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. சக்கரோமைசிசின் மரபணுத்தொகை 1.2 கோடி எழுத்து, கள்ளில் காணப்படும் சைமோமோனாசு என்ற பற்றீரியாவினுடையது 20 இலட்சம். கலத்துக்குக் கலம் சமமாக இருந்தாலும் மதுவத்துக்கு ஆறு மடங்கு வாசிப்பு விழும். மரபணுத்தொகை நீளத்தால் வகுத்த பிறகே கலங்களின் பங்கைப் பேசலாம்.

இந்த ஒரு வளர்ப்பு எது, எதை எதிர்க்கும்?

வைத்தியசாலை வளர்ப்புக்கு முழு மரபணுத்தொகையை வாசிப்பதே வழி. மெலியோய்டோசிஸ் என்ற கடும் பற்றீரியாத் தொற்று இலங்கையில் உள்ள நோய். அதற்குக் காரணமான பேர்க்ஹோல்டேரியா பியூடோமல்லியை வழக்கமான இனங்காணும் கிட்கள் அதே பேரினத்தின் செபாசியா என்று தவறாகக் காட்டுவதுண்டு. 16எஸ்ஸாலும் அதன் நெருங்கிய உறவான பேர்க்ஹோல்டேரியா மல்லியிலிருந்து அதைப் பிரிப்பது நம்பத்தக்கதல்ல. முழு மரபணுத்தொகை சந்தேகமின்றிப் பிரிக்கும். ஆனால் இந்தப் பற்றீரியாவைச் சாதாரண மேசையில் கையாளக்கூடாது. உயிர்ப்பாதுகாப்புப் பெட்டிக்குள் டிஎன்ஏயைப் பிரித்தெடுத்து, அதில் சிறிதை ஏகார் தட்டில் பரப்பி, ஒன்றும் வளரவில்லை என்று உறுதிசெய்த பிறகே குழாயை வெளியே எடுக்கவேண்டும்.

அளவு எளிதான கணக்கு. 50 இலட்சம் எழுத்துள்ள மரபணுத்தொகையை ஐம்பது தடவை மூட, அதாவது ஒவ்வோர் எழுத்தையும் சராசரியாக ஐம்பது முறை வாசிக்க, 25 கோடி எழுத்து வேண்டும். இலுமினா 2×150 இல் ஒரு சோடி 300 எழுத்து. ஆகவே ஏறத்தாழ 8.3 இலட்சம் சோடி. பியூடோமல்லிக்கு 72 இலட்சம் எழுத்து, அதில் ஜி, சி எழுத்துகள் 68 வீதம். ஜிசி கூடிய டிஎன்ஏ பிசிஆர் உள்ள லைப்ரரி (கருவியில் ஏற்றத் தயார்செய்த டிஎன்ஏ) தயாரிப்பில் சமமாகப் பெருகாது; நூறு தடவை மூடச் சொல்லுங்கள்.

குறுகிய வாசிப்பும் நீண்ட வாசிப்பும் பிரியும் இடம் இதுதான். தொற்று ஒரு வார்ட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பரவியதா என்று பார்க்க, இரண்டு வளர்ப்புகளுக்கிடையில் ஐந்து எழுத்து வித்தியாசமா ஐம்பதா என்று எண்ணவேண்டும். அதற்கு இலுமினா. அதன் கியூ30 தரம் என்பது ஆயிரத்துக்கு ஒரு பிழை. ஐம்பது தடவை மூடும்போது அந்தப் பிழை கரைந்துவிடும். மருந்தை எதிர்க்கும் எதிர்ப்புமரபணு நிறப்புரியில் இருக்கிறதா, மற்றப் பற்றீரியாவுக்குத் தாவக்கூடிய பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வட்டத்தில் இருக்கிறதா என்று கேட்டால் இலுமினா திணறும். எதிர்ப்புமரபணுக்களைச் சுற்றி ஒரே தொடர் பல இடத்தில் திரும்பத் திரும்ப வரும். 150 எழுத்து வாசிப்பு அந்த மீள்தொடரைக் கடந்து அப்பால் என்ன இருக்கிறது என்று காட்டாது. வாசிப்புகளைப் பொருத்தி நீட்டும் ஒருங்கிணைப்பு அங்கேயே அறுந்துபோகும். நனோபோரின் 10,000 எழுத்து வாசிப்பு ஒரே மூச்சில் கடந்துவிடும். வாசிப்புகளை ஒருங்கிணைக்கும் ஃப்ளை (Flye) மென்பொருளில் போட்டால் நிறப்புரி ஒரு வட்டம், பிளாஸ்மிட் இன்னொரு வட்டம் என்று மூடிய விடை வரும்.

நனோபோரின் பிழை பெரிதும் குறைந்துவிட்டது. ஆர்10.4.1 ஃபுளோ செல்லில் (டிஎன்ஏ கடந்துசெல்லும் நுண்துளைகள் உள்ள, கருவியில் செருகும் பகுதி) தனி வாசிப்பின் சரிமை 99 வீத அளவில் இருக்கிறது. மிஞ்சியிருப்பது தற்செயற் பிழையல்ல என்பதே கவனிக்க வேண்டியது. பற்றீரியா தன் டிஎன்ஏயில் மெதைல் கூட்டம் ஏற்றிய இடங்களிலும், ஒரே எழுத்து நீளமாக வரும் இடங்களிலும் பிழை திரும்பத் திரும்ப விழும். எத்தனை தடவை வாசித்தாலும் அதே இடத்தில் விழும் பிழை ஆழத்தால் போகாது. ஆகவே எழுத்தெழுத்தாக எண்ணும் பரவல் ஆய்வுக்கு அதை மட்டும் நம்பவேண்டாம். பெறுமதியான ஐந்தாறு வளர்ப்புகளை இரண்டு முறையிலும் வாசித்து இணைப்பது நல்ல செலவு.

கருவிக்கு முன்னே

எங்கள் அனுபவத்தில் ஆய்வுகள் தோற்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில், அதுவும் யாழ்ப்பாணத்துக்கே உரிய காரணங்களால்: சுண்ணாம்பும் செம்மண்ணும் வெளிற்றும் தூளும்.

கருப்பநீர் இறக்கும் முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசுவார்கள்; காரத்தன்மை கூடி நொதித்தல் நின்றுவிடும். கள்ளோடு ஒப்பிடக் கருப்பநீரையும் எடுத்தால், அந்தச் சுண்ணாம்பின் கல்சியம் மாதிரியோடு வருகிறது. பிசிஆர் நொதியம் மக்னீசியத்தை நம்பி வேலைசெய்வது. கல்சியம் அந்த இடத்தில் போய் நின்று நொதியத்தை முடக்கும். வழக்கப்படி பொசுபேற்றுத் தாங்கற் கரைசலில் கழுவினால் நிலைமை இன்னும் மோசமாகும்: கல்சியமும் பொசுபேற்றும் சேர்ந்து வெள்ளைப் படிவாகி டிஎன்ஏயையும் தன்னோடு பிடித்துக்கொள்ளும். குழாயின் அடியில் சுண்ணாம்புத் தண்ணீர் தெளிந்ததுபோல ஒரு மெல்லிய வெண்படலம் தெரிந்தால் அதுதான். முதலில் பிஎச் 8 இல் கல்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏயால் (50 மில்லிமோலர்) ஒருமுறை கழுவி, பிறகு 10 மில்லிமோலர் டிரிஸ்ஸால் இரண்டுமுறை கழுவுங்கள். அந்த இரண்டு கழுவல் கட்டாயம். எஞ்சும் ஈடிடிஏ இப்போது மக்னீசியத்தைப் பிடித்து, கல்சியம் செய்த அதே கெடுதலைச் செய்யும். கடைசியில் டிஎன்ஏயை ஈடிடிஏ கலந்த டிஈ கரைசலில் எடுக்காமல் டிரிஸ்ஸிலேயே எடுப்பதும் இதனால்தான். நனோபோரின் துரித கிட்டும் மக்னீசியத்தை நம்புவதே.

செம்மண்ணின் சிவப்பு இரும்பொட்சைட்டு. அதுவும் களியும் டிஎன்ஏயை ஒட்டிப் பிடிக்கும். 250 மில்லிகிராம் மண்ணை மண்ணுக்கான கிட்டில் போட்டு, குருணி மணியோடு குலுக்கிய பிறகும் கிட்டத்தட்ட ஒன்றும் வராவிட்டால், கலம் உடையவில்லை என்று நினைத்து இன்னும் குலுக்கவேண்டாம். உடைந்த டிஎன்ஏ மண்ணில் ஒட்டியிருக்கிறது. கொழுப்பு நீக்கிய பால்மா சிறிது சேர்த்தால் அதன் கேசீன் ஒட்டும் இடங்களை முந்திப் பிடித்துக்கொள்ளும். பால்மாவிலும் பற்றீரியா டிஎன்ஏ உண்டு. ஆகவே மண் இல்லாமல் பால்மா மட்டும் போட்ட குழாய் ஒன்றையும் கூடவே கொண்டுபோங்கள். சாணமும் குழையும் நிறைய இட்ட தோட்டமானால் ஹியூமிக் அமிலம் வரும். டிஎன்ஏ இலேசான தேநீர் நிறத்தில் இருந்தால், ஒளியுறிஞ்சலின் 260/230 விகிதம் 2 இற்குக் கீழே விழுந்தால் அதுதான். பத்து மடங்கு ஐதாக்கிப் பிசிஆர் செய்து பாருங்கள். ஐதாக்கியது பட்டை தந்து, ஐதாக்காதது தராவிட்டால் குறை டிஎன்ஏ அளவில் இல்லை.

கிணற்று நீர் கண்ணுக்குத் தெளிவு, பற்றீரியா குறைவு. 0.22 மைக்ரோமீற்றர் வடியில் குறைந்தது இரண்டு லீற்றர், முடிந்தால் ஐந்து லீற்றர் விடுங்கள். மாரியில் கலங்கிய நீர் சில நூறு மில்லிலீற்றரிலேயே வடியை அடைத்துவிடும். இரண்டாவது வடியைப் போட்டு, ஒவ்வொன்றிலும் சென்ற அளவைக் குறித்துவையுங்கள். நீரை நெடுநேரம் வைத்திருந்தால் கரைந்திருந்த காபனீரொட்சைட்டு வெளியேறிச் சுண்ணாம்பு படியும். அள்ளிய அன்றே வடிகட்டவேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அண்மையில் குளோரீன் தூள் போட்டாரா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். போட்டிருந்தால் செத்த கலங்களின் டிஎன்ஏயும் உயிருள்ளதுபோல வாசிக்கப்படும். எஞ்சிய குளோரீனோ கொண்டுவரும் வழியெல்லாம் வேலைசெய்துகொண்டிருக்கும். போத்தலில் சோடியம் தயோசல்பேற்று இட்டுவைப்பது இரண்டாவதைத் தடுக்கும், முதலாவதைத் தடுக்காது. அந்தக் கிணற்றைச் சில வாரம் தள்ளிப்போடுவது நல்லது.

வெற்று மாதிரிகளை ஒருபோதும் விடவேண்டாம்: வெளியில் எடுத்துச்சென்று மாதிரியைப் போலவே வடித்த தூய நீர் ஒன்று, பிரித்தெடுப்பில் ஒன்று, பிசிஆரில் ஒன்று. கிட்களிலேயே பற்றீரியா டிஎன்ஏ சிறிது உண்டு. கிணற்று நீர் போல டிஎன்ஏ குறைந்த மாதிரியில் அதுவே மேலோங்கும். வழக்கமாக வரும் மாசுகளில் ரால்ஸ்டோனியாவும் பேர்க்ஹோல்டேரியாவும் உண்டு. ரால்ஸ்டோனியா சொலனேசியாரம் மிளகாய், கத்தரி, தக்காளி வாடலுக்குக் காரணம். வெற்று மாதிரி இல்லாமல் "மிளகாய்த் தோட்டக் கிணற்றில் ரால்ஸ்டோனியா" என்று எழுதினால், அது தோட்டத்திலிருந்து வந்ததா கிட்டிலிருந்து வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. அதை நம்பிக் கமக்காரர் ஒருவர் பயிரை மாற்றவும்கூடும்.

டிஎன்ஏ அளவை, டிஎன்ஏயை மட்டும் அளக்கும் கியூபிட் கருவியில் பாருங்கள். நனோட்ரொப் ஆர்என்ஏயையும் சேர்த்து எண்ணிப் பல மடங்கு கூட்டிக் காட்டும்.

அனுப்புவதா, இங்கேயே ஓட்டுவதா?

இலுமினா கருவியை ஒரு துறை தனக்கென வாங்குவது பற்றி நீளமாகப் பேசத் தேவையில்லை. பராமரிப்பு ஒப்பந்தமும் வாராவாரம் ஓட்ட மாதிரிகளும் இல்லாமல் அது தூசி படியும். உண்மையான தெரிவு, இலுமினாவுக்கு வெளியே அனுப்புவதா, நனோபோரின் சிறிய கருவியான மினயனை வாங்கி இங்கே ஓட்டுவதா என்பது.

அனுப்பும்போது மண்ணையோ நீரையோ அனுப்பாமல் தூய டிஎன்ஏயை அனுப்புங்கள். மண்ணுக்குத் தாவரத் தடுப்புக்காப்பு அனுமதி வேண்டும், தாமதமாகும். வெளிநாடானால் பொருள் கைமாற்று ஒப்பந்தமும் உரிய அனுமதிகளும் முன்கூட்டியே கையில் இருக்கட்டும். டிரிஸ்ஸில் உள்ள டிஎன்ஏ சில நாள் வெப்பத்தைத் தாங்கும், தாங்காதது மூடி. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர், பிறகு விமானம். எட்டுக் குழாய்ப் பட்டிகளின் மூடி தளர்ந்து ஒன்றிலிருந்து மற்றதற்குக் கசிந்தால் தெரியவே தெரியாது. தனிக் குழாய், மேலே பராஃபில்ம், பாதி டிஎன்ஏ உங்கள் ஆய்வுகூடக் குளிரூட்டியிலேயே. திங்களன்று அனுப்புங்கள், போயாவும் வார இறுதியும் சுங்கத்தில் சேர்ந்து வந்தால் ஐந்து நாள் போய்விடும். கட்டளையில் மூன்றை எழுதி வாங்குங்கள்: மாதிரிக்குக் குறைந்தபட்ச வாசிப்பு எண்ணிக்கை, லைப்ரரி தோற்றால் யார் செலவு, பிரைமர் வெட்டாத மூல ஃபாஸ்ட்கியூ கோப்பு. அழகான படங்கள் நிறைந்த பிடிஎஃப் அறிக்கை மட்டும் வந்தால், பிறகு எந்தப் பிழையையும் திருத்த முடியாது. இலுமினாவின் பெரிய கருவியான நோவாசெக்கில் ஓட்டுவதானால் இரு முனையிலும் தனித்துவமான பார்கோட் கேளுங்கள். இல்லாவிட்டால் வாசிப்புகளில் சிறு பங்கு அடுத்த மாதிரிக்குத் தாவும்.

மினயன் கைக்குள் அடங்கும் கருவி, மடிக்கணனியின் யூஎஸ்பியில் ஓடும். மின்வெட்டு அதற்குப் பெரிய எதிரியல்ல: யூபிஎஸ் இருந்தால் போதும், நின்றாலும் அதுவரை வாசித்தது மிஞ்சும், அதே ஃபுளோ செல்லில் மீண்டும் தொடங்கலாம். பிசிஆர் கருவி நடுவில் நின்றால்தான் எல்லாம் போகும். மினயனின் எதிரி வெப்பம். சுற்றுவெப்பம் 35 பாகை செல்சியசைத் தாண்டக்கூடாது. சித்திரை வைகாசி மதியத்தில் ஏசி இல்லாத அறையில் ஓட்டவேண்டாம்.

ஃபுளோ செல்லின் ஆயுள் 2 முதல் 8 பாகையில் 12 வாரம். உறைந்தால் செத்துவிடும், வீட்டுக் குளிரூட்டியின் பின்சுவரை ஒட்டி வைத்தால் உறையும். வந்தவுடன் சோதித்து, 800 துளைக்குக் குறைந்தால் உடனே முறையிடுங்கள். பெரும்பாலான ஃபுளோ செல்கள் கெடுவது காற்றால். துளைகள் அமர்ந்திருக்கும் மென்படலத்தில் ஒரு குமிழி உருண்டுபோனால் போன வழியெல்லாம் துளைகள் முடிந்தன. 1,000 மைக்ரோலீற்றர் பிப்பெட்டை 200 இல் வைத்து, நுனியைப் பிரைமிங் துளையில் நேராகப் பொருத்தி, பொத்தானைத் தொடாமல் அளவுச் சக்கரத்தை மட்டும் 220–230 வரை திருப்புங்கள். நுனிக்குள் மஞ்சள் திரவம் சிறிது ஏறுவது தெரியும். துளையின் வாயிலிருந்த காற்று வெளியேறிவிட்டது. பிறகு 800 மைக்ரோலீற்றர் பிரைமிங் கலவை, மிக மெதுவாக, நுனியில் கடைசித் துளியை விட்டுவிட்டு. ஐந்து நிமிடம். மாதிரி இடும் துளையின் ஸ்பொட்ஒன் மூடியைத் திறந்துவைத்து, பிரைமிங் துளை வழியாகவே இன்னும் 200. பிறகு ஸ்பொட்ஒன் துளையில் மாதிரி 75 மைக்ரோலீற்றர், துளித்துளியாக, ஒரு துளி உள்ளிறங்கிய பிறகே அடுத்தது.

நல்ல டிஎன்ஏ கொடுத்தால் ஒரு ஃபுளோ செல் 1,000 கோடி எழுத்து அளவில் தரும். 24 வளர்ப்புகளை ஐம்பது தடவை மூட 600 கோடி போதும். அதாவது 24 வளர்ப்புகள் ஒன்றாகச் சேர்ந்தால் மினயன் இலாபம். ஆறு வளர்ப்புக்காக ஓட்டினால் தலைக்கு நான்கு மடங்கு செலவு. அவசரத்துக்கு மூன்று நான்கு வளர்ப்பென்றால் ஃப்லோங்கிள் என்ற சிறிய ஃபுளோ செல் போதும், ஆனால் அதன் ஆயுள் நாலு வாரந்தான். துரித பார்கோட் கிட்டில் லைப்ரரி தயாரிப்பு ஏறத்தாழ ஒரு மணிநேரம், மாதிரிக்கு 200 நானோகிராம். வளர்ப்பின் டிஎன்ஏயைக் குருணி மணியால் உடைத்துவிட்டு நீண்ட வாசிப்பை எதிர்பார்க்கக்கூடாது. லைசோசைமால் மெதுவாக உடையுங்கள். ஸ்டஃபைலோகொக்கசு ஓரியசுக்கு அது பலிக்காது, லைசோஸ்டஃபின் வேண்டும். கருவி பதியும் மின்சமிக்ஞையை எழுத்தாக்கும் டொராடோ மென்பொருளுக்கு 8 ஜிபியாவது உள்ள என்விடியா ஜிபியு வேண்டும். அது இல்லாத கணனியில் உயர் துல்லிய அமைப்பில் ஓட்டினால் நாட்கணக்கில் இழுக்கும். 16எஸ் பகுப்பாய்வுக்கு 16 ஜிபி மடிக்கணனி போதும். ஷொட்கனுக்கு, வாசிப்புகளை இனங்காணும் கிராக்கன்2 மென்பொருளின் முழுத் தரவுத்தளம் 64 ஜிபியிலும் அடங்காது. 8 ஜிபிக்குச் சுருக்கிய பதிப்பில் தொடங்கலாம்.

செலவுத் திட்டம் ரூபாவில் இருந்தாலும் கட்டணம் டாலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டாலர் மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது. அந்த இடைவெளியில் கட்டளை கொடுக்காமல் இருந்த திட்டங்கள் கிட்டத்தட்டப் பாதி மாதிரிகளை இழந்தன. டிஎன்ஏ கையில் வருமுன் ஃபுளோ செல் வாங்கவேண்டாம், வந்த பின் தாமதிக்கவும் வேண்டாம்.

மாதிரி வாரியாக எங்கள் தெரிவு: பருவங்களுக்கிடையே கிணற்று ஒப்பீட்டுக்கு வி4, இலுமினா, வெளியே, நைத்திரேற்று மரபணுக்களுக்குக் கியூபிசிஆர், இங்கே, வேரடி மண்ணுக்கு வி4 உம் பிஎன்ஏ அடைப்பானும், கள்ளுக்கு ஷொட்கன், வைத்தியசாலை வளர்ப்புகளை 24 சேரும்வரை உறையவைத்து மினயனில், பரவல் சந்தேகம் உள்ளவற்றை மட்டும் இலுமினாவிலும்.

எதைத் தெரிந்தாலும் முதலில் எட்டுக் குழாய் அனுப்புங்கள். மூன்று மாதிரி, அவற்றில் ஒன்றின் இரட்டை, இரண்டு வெற்று, ஸைமோ நிறுவனம் விற்கும், விகிதம் தெரிந்த நுண்ணங்கிக் கலவை ஒன்று, மிகக் குறைந்த டிஎன்ஏ உள்ள மாதிரி ஒன்று. ஸைமோ கலவையில் எட்டுப் பற்றீரியாவும் டிஎன்ஏ அளவில் தலைக்கு 12 வீதம். தடித்த சுவருள்ள லிஸ்டீரியாவும் பசிலசும் அதில் பாதியாகத் தெரிந்தால் குலுக்கல் போதவில்லை. இரட்டைகள் இரண்டும் ஒன்றையொன்று ஒத்திராவிட்டால் பிசிஆரைப் பாருங்கள். வெற்றுக் குழாயில் மாதிரிக்குச் சமமான வாசிப்பு வந்தால், மீதிக் குழாய்களையும் குளிரூட்டியிலேயே வைத்துவிட்டு வடிகட்டும் மேசைக்குத் திரும்பவேண்டும்.